உள்பக்கம் வரைந்த முகம்

“சேசுவே!” என்றார் இக்னேஷியஸ். என் தம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் கையை நிறுத்தி, படுக்கையறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, யாரோ தும்மினால் சொல்வது போலச் சொன்னார். நான் தும்மவில்லை. வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. “யாருக்குச் சொன்னீங்க சார்?” என்று கேட்டேன். “பயக்கம் தம்பி. சக்கர போதுமா பாருங்க” என்று மீதி டீயை ஊற்றினார். நான் குடித்து முடிப்பதற்குள் இன்னும் இரண்டு முறை சொல்லிவிட்டார். மணி நாலரை, வெளியே நல்ல வெயில்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு எதிர்வீடு அவருடையது. நான் விருதுநகர்க்காரன். கம்ப்யூட்டர் வேலைக்காக இந்தப் பக்கம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒருநாள் கூரியர்காரர் அவருடைய பார்சலை என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். கொண்டுபோய் நீட்டினேன். வாசலிலேயே அட்டையைப் பிரித்து, உள்ளே இருந்த சின்னச் சீசாவை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். குழந்தையைக் கொஞ்சுகிறாரோ என்று எனக்குச் சிரிப்பு வந்தது. “கல்லுன்னு சொல்லி ஏமாத்திக்கீறான். இது கண்ணாடி. கல்லா இருந்தா இந்நேரமும் ஜில்லுனு இருக்கும். கண்ணாடி நம்ம சூட்ட சீக்கிரம் வாங்கிக்கும்” என்றார். பிறகு, “உள்ள வாங்க தம்பி, நிக்கிறீங்களே” என்றார். அன்றிலிருந்து பழக்கம்.

வயது அறுபத்தொன்பது. ஒல்லி. மூக்கு மட்டும் ஆளுக்குப் பொருந்தாமல் பெரிது. பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். வரிசையில் வரும் இரும்புச் சாமானை லென்ஸ் வைத்துப் பார்த்து, கீறல் இருந்தால் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டித் தள்ளிவிடுகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பொட்டுத் தாள் சட்டைப் பையை விட்டுப் போகவில்லை. சொட்டுகிற குழாயில் ஒரு பொட்டு, ஆடுகிற நாற்காலியில் ஒன்று, ஒரு தேதி இரண்டு முறை அச்சான காலண்டரில் ஒன்று. எங்கள் லிஃப்டில்கூட ஒன்று ஒட்டியிருக்கிறார். ஒட்டுவதோடு சரி, எதையும் பழுது பார்க்க மாட்டார். “கண்டுபுடிக்கிறதுதான் நம்ம வேல. ரிப்பேருக்கு வேற டிபார்ட்மெண்ட்” என்பார். கழுத்தில் மாதா பதக்கம் கோத்த உத்தரியம் தொங்கும், அதே கயிற்றில் லென்ஸும் தொங்கும். கோயிலில் நற்கருணை வாங்கப் போகும்போது இரண்டும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடுவதாக மகள் ரியா குறைப்படுவாள்.

படுக்கையறை பீரோவைத் திறந்தால் துணிமணி இருக்காது. முட்டை வாங்கும் அட்டைகள்தான் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு சீசா நிற்கும், ஐம்பத்தெட்டு. எல்லாம் சீன தேசத்து மூக்குப்பொடிச் சீசாக்கள். நூறு வருஷம், நூற்றைம்பது வருஷம் பழையவை. உள்ளங்கைக்குள் அடங்கும். நம் ஊரில் தகர டப்பியிலும் வாழைப்பட்டையிலும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட சமாச்சாரத்துக்கு அங்கே இத்தனை சிங்காரம். பால் வெள்ளைக் கண்ணாடியின் மேல் சிவப்புக் கண்ணாடி போர்த்தி, அந்தச் சிவப்பை மீன் வடிவம் மட்டும் மிஞ்சும்படி செதுக்கியிருப்பார்கள். மாதுளை முத்து நிறத்தில் ஒன்று, அடுப்புப் புகை நிறத்தில் ஒன்று. மூடியைத் தூக்கினால் அதன் அடியில் காது குடையும் குச்சி அளவுக்கு ஓர் எலும்புக் கரண்டி ஒட்டிக்கொண்டு வரும். இவ்வளவுக்கும் இக்னேஷியஸ் ஒரு சிட்டிகை பொடிகூடப் போட்டதில்லை.

இந்தப் பைத்தியத்தைத் தொற்ற வைத்தவர் ஜெயராமன். பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர், தானும் சீசா சேர்ப்பவர். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள், கப்பலில் வேலை பார்த்தவர்கள் என்று யார் யாரோ விற்றுப்போனதில் நல்லது வந்தால் முதலில் இக்னேஷியஸைத்தான் கூப்பிடுவார். இருவரும் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். பழைய சீசாவின் அடியில் கெட்டிப்பட்ட பொடி கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதைக் கழுவக் கூடாது. கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தவன் எடுக்காமல் விட்டுப்போன சிட்டிகை அது, அவனுடைய பங்கு. “ஆளு போய்ட்டான், பங்கு கீது. அத்த நாம தொடக்கூடாது” என்பார் ஜெயராமன். சீசா சேர்க்கிற மற்றவர்கள் ஒட்டியிருக்கும் பொடியைப் பழமைக்குச் சாட்சி என்று நினைப்பார்கள். இவர்கள் இருவரும் அதை ஒருவருடைய சொத்து என்று நினைத்தார்கள்.

அட்டைகளில் முப்பத்தோராவது குழியில் இருந்தது ஒரு வெறும் கண்ணாடிச் சீசா. நிறமும் இல்லை, செதுக்கலும் இல்லை. இரண்டு பக்கமும் தட்டை, தண்ணீர் உறைந்த மாதிரி தெளிவு. அடியில் நகக் கனத்துக்குப் பழுப்புப் பொடி. பர்மாக்காரக் குடும்பம் ஒன்றிடமிருந்து வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அதை அவர் கழுவவில்லை. பிறகு கழுவக் கொடுத்தார். அதற்குக் காரணம் அவர் மனைவி ஞானகுமாரி.

ஞானகுமாரியை நான் இரண்டொரு முறை வாசலில் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். மூக்கின் இடப்பக்கம் ஒரு மச்சம். மூச்சிழுப்பு உண்டு. பழைய பொடி வாசனை ஆகவே ஆகாது. மாலையில் இவர் பீரோவைத் திறந்தால் போதும், அடுக்களையில் இருந்தபடியே தும்ம ஆரம்பித்துவிடுவார், பதினாலு தும்மல் வரை போகும் என்று ரியா சொல்கிறாள். இவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். “அந்தக் கண்ணாடிய இத்தினி நேரம் பாக்குறியே, என் மூஞ்சிய ஒருநாளாச்சும் இப்பிடிப் பாத்துக்கிறியா?” என்று அம்மா கேட்பார்களாம். “உன் மூஞ்சிக்கு இன்னா, நல்லாத்தானே கீது” என்பாராம் இவர், நிமிராமலே. இரண்டாயிரத்து இருபத்தொன்று ஆகஸ்டில் இழுப்பு அதிகமாகி ஞானகுமாரி இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து இக்னேஷியஸுக்கு ஒரு யோசனை வந்தது. அக்கா மகன் ஷெர்வின் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு இயந்திரம் வாங்குவதற்காகச் சீனா போய்வருகிறவன். சீசாவின் உள்பக்கத்தில் படம் எழுதும் பட்டறைகள் அங்கே இன்னும் நடக்கின்றன, போட்டோ கொடுத்தால் அதைப் பார்த்து முகம் எழுதித் தருகிறார்கள் என்று அவன் சொன்னான். புதுச் சீசாவிலேயே எழுதித் தருவார்கள். ஆனால் இவருக்குப் புதுச் சீசா ஆகாது. நூறு வருஷத்துக்குக் குறைந்த கண்ணாடியில் மனைவியை வைக்க மனம் வரவில்லை. முப்பத்தோராவது சீசாவை எடுத்துக் கொடுத்தனுப்பினார். உள்பக்கத்தைப் பொடிக்கல் போட்டுக் குலுக்கித் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் வர்ணம் பிடிக்கும். அடியில் இருந்த பழுப்புப் பொடி அங்கேதான் போயிருக்க வேண்டும். ஜெயராமனிடம் அவர் அதைச் சொல்லவே இல்லை.

பட்டறையிலிருந்து ஷெர்வின் ஒரு கேள்வி கேட்டான். “மாமா, ரெண்டு பேரையும் ஒரே பக்கத்துல ஜோடியா போடலாமாம். மூஞ்சி கொஞ்சம் சின்னதாயிடும், பரவால்லயான்னு கேக்குறாங்க.” இன்ஸ்பெக்டருக்கு அது பிடிக்கவில்லை. சின்ன முகத்தில் விவரம் வராது, லென்ஸில் நிற்காது. “ஒரு பக்கம் அவ, ஒரு பக்கம் நானு. முழு மூஞ்சியா போடச் சொல்லு” என்றுவிட்டார். அப்படியே எழுதி வந்தது.

எழுதுவதை ஷெர்வின் செல்போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தான், நானும் பார்த்தேன். கடுகு நுழைகிற மாதிரியான வாய் வழியே வளைந்த மூங்கில் பேனாவை விட்டு, உட்புறச் சுவரில் எழுதுகிறார் ஒரு நடுவயதுக்காரர். எல்லாம் தலைகீழ் வரிசை. காகிதத்தில் கடைசியாக வைக்கிற புள்ளியை இதில் முதலில் வைக்க வேண்டும். கண்மணியில் மின்னுகிற வெள்ளைப் புள்ளிதான் முதல் வேலை. பிறகு கண்மணி, இமை, மச்சம், நெற்றியில் தனியாக நிற்கும் ஒரு முடி, உதட்டுக் கோடு. அதற்குப் பின்னால்தான் கன்னத்தின் நிறம், முடி, சேலை. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பூச்சு. வெளியே இருந்து பார்க்கிறவனுக்குக் கண் முதலில் தெரியும். கண்தான் கண்ணாடியை ஒட்டி இருப்பது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பரில் சீசா வந்து சேர்ந்தது. கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரியா கல்யாணத்தில் எடுத்த போட்டோவைப் பார்த்து எழுதியது. நெற்றியில் முடி ஒன்று தனியாகப் பறந்துகொண்டிருந்தது, அதைக்கூட விடவில்லை. திருப்பினால் இக்னேஷியஸ், அதே மூக்கோடு. அவர் அழுதார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் முட்டை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாலு மாதம் கழித்து, ஈஸ்டர் முடிந்த வாரத்தில் முதல் குறை தெரிந்தது. ஞானகுமாரியின் தோளுக்கு மேலே பின்னணிப் பூச்சில் பட்டாணி அளவுக்கு ஒரு வட்டம் இல்லை. உரிந்ததும் அல்ல, வெடித்ததும் அல்ல. மழை நாளில் பஸ் ஜன்னலில் படிந்த ஆவியை ஒரு விரலால் துடைத்த மாதிரி இருந்தது. அடுத்த மாதம் வட்டம் இரண்டாயிற்று. இன்ஸ்பெக்டர் விடுவாரா? மாதம் தவறாமல் முதல் சனிக்கிழமை, அதே ஜன்னல், அதே வெளிச்சம் என்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்குள் பின்னணி முழுவதும் போயிற்று. அடுத்து சேலை, பிறகு முடி. எழுதியதற்கு நேர் எதிர் வரிசையில், கடைசியாக வைத்தது முதலில் போய்க்கொண்டிருந்தது. “வெளிய ஒரு கீறல் இல்ல தம்பி. உள்ளேந்து எவனோ தொடைக்கிறான்” என்றார் ஒருநாள், குழாய் சொட்டுகிறது என்று சொல்கிற அதே குரலில்.

ஈரக்காற்று, உப்புக்காற்று என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக்கூடக் கொண்டுபோய் பீரோவில் வைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, இரண்டு கேள்வி கேட்டார். அதே சீசா, அதே வர்ணம், அதே கை எழுதியது. அப்படியிருக்க அவர் பக்கம் மட்டும் ஏன் ஒரு புள்ளிகூடக் கலையவில்லை? இன்னொன்று, போன வர்ணம் எங்கே போயிற்று? மூடியைக் கழற்றி வெள்ளைத் தாளின் மேல் சீசாவைக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு தூசியும் விழவில்லை. என் பொட்டலங்களைத் திருப்பிக் கொடுத்தார், ஒன்றில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது.

தும்மல் சமாச்சாரத்தை அன்றைக்குத்தான் சொன்னார். சீசா வந்த மறுவாரத்திலிருந்து கேட்கிறதாம். சின்னத் தும்மல், வாயைப் பொத்திக்கொண்டு தும்முகிற மாதிரி, மாலை நாலரை வாக்கில். “அவ உயிரோட இருக்கசொல்ல நான் ஒருவாட்டி ‘சேசுவே’ன்னு சொன்னதில்ல தம்பி. நாப்பது வருஷம், தெனம் தும்முவா. ஊர்ல எவன் தும்மினாலும் சொல்வேன், அவளுக்குச் சொன்னதில்ல. இப்போ சொல்லிகினு கீறேன்.” இதைச் சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்க்காமல் முட்டை அட்டையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஜெயராமனிடம் உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது. வந்து பார்த்தார். சீசாவைத் தொட மறுத்துவிட்டார். “உள்ள இருந்த பங்க கயுவிட்டியா அண்ணாத்தே? அவன் ஊட்ல போய் உன் சம்சாரத்த குடி வெச்சிகீற. அவன் காலி பண்ணுன்றான், அவ்ளோதான்” என்றார். டீயைக்கூட நின்றுகொண்டே குடித்தார்.

நெமிலிச்சேரியில் இருக்கிற ரியா ஞாயிறுதோறும் ரயிலேறி அப்பாவைப் பார்க்க வருவாள். அவள் கட்சி வேறு. தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். “பர்மாக்காரனும் இல்ல, சீனாக்காரனும் இல்லண்ணா. அது அம்மாதான். பொடி வாசனை ஆகாமத்தான் அம்மா பாதி நாள் மாடியில படுத்தாங்க. அவங்க மூஞ்சியக் கொண்டுபோய் பொடிச் சீசாக்குள்ள அடைச்சு வெச்சிருக்காரு. துடைக்காம என்ன பண்ணுவாங்க?” அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. படித்த பெண், கணக்கராக வேலை பார்க்கிறவள். சிரிக்கலாம் என்று வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டேன்.

போன அக்டோபரில் மிஞ்சியிருந்தது இரண்டு கண், மச்சம், பறந்துகொண்டிருந்த அந்த ஒற்றை முடி, அவ்வளவுதான். வெறும் கண்ணாடியில் இரண்டு கண்கள் எதையும் பற்றிக்கொள்ளாமல் நின்றன. இக்னேஷியஸ் என்னையும் பார்க்கச் சொல்லி லென்ஸைக் கொடுத்தார். பார்த்தேன். இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. சீசாவை இடப்பக்கம் சற்றுச் சாய்த்தேன். கண்கள் சாய்ந்தன, ஆனால் சீசா சாய்ந்து ஒரு நொடி ஆன பிறகு சாய்ந்த மாதிரி எனக்குத் தோன்றியது. பழைய கண்ணாடி, கனம் ஒரே சீராக இருக்காது, வெளிச்சம் விளையாடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுபடி சாய்த்துப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த மாதம் அவர் உடம்பு பாதியாகிவிட்டது. காய்கறி வண்டிக்குக்கூட வருவதில்லை. கண்ணும் போய்விடும், இன்றைக்கோ நாளைக்கோ என்கிற ஒரே பயம். “போட்டோ எத்தனையோ இருக்கே சார்” என்றேன் ஆறுதலாக. “போட்டோல அவ கேமராக்காரன பாக்குறா தம்பி. இதுல என்னைப் பாக்குறா. ரெண்டு வருஷமா பாத்துகினு கீறா. இதுவும் போய்ட்டா எனக்கு இன்னா கீது சொல்லுங்க?” என்றார்.

ரியாதான் ஒரு முடிவுக்கு வந்தாள். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அன்றைக்கு அம்மாவின் கல்லறையில் சீசாவை வைத்து மூடிவிட வேண்டும். அதற்கு அவரும் சம்மதித்தார். கண்கள் மிஞ்சியிருக்கும்போதே மண்ணுக்குள் போய்விட்டால் அவை அழிந்ததை அவர் பார்க்க வேண்டியிருக்காது. கடைசி நேரத்தில் அப்பா மனம் மாறிவிடுவார், கூட இருங்கள் என்று ரியா கேட்டுக்கொண்டதால் நானும் காலையிலேயே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை. ரியா வாசலில் செவ்வந்திப் பூவையும் மெழுகுவர்த்திக் கட்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். சீசாவை வைக்கப் பஞ்சு போட்ட ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா அவள் கையில் இருந்தது. உள்ளே இக்னேஷியஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சீசாவை விரல் நுனியில் தூக்கிப் பிடித்திருந்தார், ஞானகுமாரியின் கண்கள் அவரைப் பார்த்தபடி. “தம்பி, இங்க வாங்க” என்றார். “அந்தக் கண்ணுக்குப் பின்னால பாருங்க. இன்னா தெரியுது?”

குனிந்து பார்த்தேன். ஞானகுமாரியின் முகம் இருந்த இடம் முழுவதும் இப்போது ஜன்னல் போலத் திறந்து கிடந்தது. அதன் வழியே சீசாவின் எதிர்ச் சுவர், அதன் உட்புறம் தெரிந்தது. “பழுப்பா ஒரு பூச்சு தெரியுது சார்” என்றேன்.

“மூஞ்சி?”

“இல்ல சார். வெறும் பூச்சுதான்.”

“அது நானு” என்றார். சீசாவைத் திருப்பிக் காட்டினார். அந்தப் பக்கம் இக்னேஷியஸின் படம், மூக்கும் சிரிப்புமாக, புத்தம் புதிதாக இருந்தது. மறுபடி திருப்பினார். பழுப்புப் பூச்சு. “வெளிய கீறவனுக்குத்தான் மூஞ்சி. உள்ள கீறவளுக்கு முதுகு. பாத்தீங்களா? நாந்தான் ரெண்டு பக்கமா போடச் சொன்னேன். ஷெர்வின் ஒரே பக்கம் போடலாம்னான். நாந்தான் வாணாம்னேன்.” சீசாவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். “நாப்பது வருஷம் பத்தாதுன்னு, அதுக்குள்ளயும் அவளுக்கு முதுகு காட்டிகினு குந்திகீறேன்.”

உள்ளே இருப்பது யார் என்று அவர் தீர்மானித்துவிட்டார். எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஜெயராமன் சொன்னது மனதில் ஓடியது. சீசாவைக் கீழே வைத்துவிடச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் மூடியைக் கழற்றிவிட்டார்.

மூடியின் அடியிலிருந்த எலும்புக் கரண்டியை வாய் வழியே உள்ளே விட்டார். ஞானகுமாரியின் பக்கம் படாமல், சுவரோரமாகச் சாய்த்து, தன்னுடைய பூச்சைச் சுரண்ட ஆரம்பித்தார். பழுப்பு போயிற்று. பிறகு சட்டை, காது, கன்னத்தின் நிறம், அந்தப் பெரிய மூக்கு. இந்த முறை தூசி விழுந்தது. சீசாவின் அடியில் நகக் கனத்துக்குப் பழுப்பாகச் சேர்ந்தது. வாசலிலிருந்து ரியா, “டாடி, வெயில் ஏறுது, வாங்க” என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தவள், பார்த்துவிட்டு டப்பாவோடு கதவருகே நின்றுவிட்டாள். அவரைத் தடுக்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. கடைசியாகத் தன் கண்களையும் சுரண்டி எடுத்தார். முதலில் வைத்த வெள்ளைப் புள்ளிகள் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தன, அவற்றுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறகு சீசாவைத் திருப்பி, தன் படம் இருந்த பக்கத்தைத் தன் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். எனக்கு ஞானகுமாரியின் கண்கள் தெரிந்தன, அவற்றுக்குப் பின்னால் கண்ணாடியோடு கண்ணாடியாக இக்னேஷியஸின் முகம். அவர் பக்கத்துக் கண்ணாடியில் மெல்ல ஆவி படிந்தது. மூச்சுப் பட்டிருக்கும் என்று நினைத்துக் கட்டைவிரலால் துடைத்தார். போகவில்லை. சட்டை நுனியால் துடைத்தார். ஆவி அப்படியே இருந்தது. அது உள்பக்கம் இருந்தது.

ரியா, “டாடி” என்றாள், மிகவும் மெல்ல. அவர் திரும்பவில்லை. கழுத்துக் கயிற்றிலிருந்து லென்ஸை மட்டும் அவிழ்த்து ஜன்னல் கட்டையில் வைத்தார். மூக்குக் கண்ணாடியையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். வெறும் கண்ணோடு, முகத்தைச் சீசாவுக்கு நேராக நிறுத்தி, போட்டோ எடுப்பவருக்கு உட்காருவது போல அசையாமல் உட்கார்ந்திருந்தார்.